மங்கலுக்கும் மதிப்பு உண்டு: மீண்டு வந்த பழைய வில்லைகள்

மாணவர்களே, ஒரு நல்ல முகப்படத்தைப் பார்க்கும்போது உங்கள் கண் முதலில் எங்கே போகும்? முகத்துக்குத்தான். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. இன்று ஒரு மாற்றத்துக்கு, முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பார்ப்போம்.

தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரவில் எடுத்த படம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் தெளிவாக இருக்கிறார். பின்னால் தொங்கும் வண்ண விளக்குகளோ புள்ளிகளாகத் தெரியவில்லை. வட்ட வட்டமாகப் பூத்து நிற்கின்றன. வேறொரு வில்லையால் எடுத்தால் அதே வட்டங்கள் சோப்புக் குமிழி போல ஓரம் மட்டும் பளிச்சிடும். இன்னொரு வில்லையால் எடுத்தால் பின்னணி முழுவதும் முகத்தைச் சுற்றி நீர்ச்சுழி போலச் சுழல்வதாகத் தோன்றும். விளக்குகள் அதே விளக்குகள்தாம். மாறியது கேமராவின் முன்னால் இருக்கும் வில்லை, அதாவது நாம் பேச்சில் லென்ஸ் என்று சொல்வது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சுழலைத் தரும் வில்லை 1840ஆம் ஆண்டில் வடிவமைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் சுழலை விரும்பி உண்டாக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டு அத்தகைய குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். குறையே இல்லை என்று சொல்லத்தக்க வில்லைகள் கடைகளில் வந்த பிறகு, மக்கள் பழைய குறையைத் தேடிப் பணம் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள்!

ஒரு குறை எப்படி மதிப்பாக மாறும்? அதற்கு விடை காண முதலில் கொஞ்சம் ஒளியியல் வேண்டும்.

புள்ளி எப்படி வட்டமாகிறது?

குவிவில்லை ஒரு பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களைத் திருப்பி ஓரிடத்தில் சேர்க்கும். பொருள் அருகில் இருந்தால் கதிர்கள் வில்லையிலிருந்து சற்றுத் தள்ளிச் சேரும். பொருள் தொலைவில் இருந்தால் வில்லைக்குச் சற்று அருகிலேயே சேர்ந்துவிடும். உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் வில்லைச் சமன்பாடு சொல்வதும் இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவில் குவியத் தூரம் 85 மில்லிமீட்டர் உள்ள வில்லை இருக்கிறது. உங்கள் நண்பர் 2 மீட்டர் தொலைவில் நிற்கிறார். அவர் முகத்திலிருந்து வரும் கதிர்கள் வில்லைக்குப் பின்னால் 88.8 மில்லிமீட்டரில் சேரும். முகம் தெளிவாக விழ வேண்டுமானால் ஒளி உணரி அந்த இடத்தில் இருக்க வேண்டும். இப்போது 10 மீட்டர் தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது. அதன் கதிர்கள் 85.7 மில்லிமீட்டரிலேயே சேர்ந்துவிடும். அதாவது உணரிக்கு 3 மில்லிமீட்டர் முன்னதாகவே சந்தித்து, ஒன்றையொன்று கடந்து, மீண்டும் விரிந்துகொண்டே உணரியில் போய் விழும். புள்ளியாக விழ வேண்டிய விளக்கு வட்டமாக விழுகிறது. இதற்கு மங்கல் வட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வட்டம் எவ்வளவு பெரியது? அது வில்லையின் துளை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. நம் வில்லையின் துளை அளவு எஃப்/2.2 என்று வைத்துக்கொள்வோம். குவியத் தூரத்தை 2.2ஆல் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும்: 85 ÷ 2.2 = 38.6 மில்லிமீட்டர். இனி வடிவொத்த முக்கோணங்களின் விதிதான். விடை ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். கேட்கச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒளி உணரியின் அகலமே 36 மில்லிமீட்டர்தான். படத்தை 36 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டால் அந்த விளக்கு 1.4 சென்டிமீட்டர் வட்டமாக நிற்கும்.

கைப்பேசியில் இதே கணக்கைப் போடுங்கள். குவியத் தூரம் 6 மில்லிமீட்டர், துளை எஃப்/1.8, உணரியின் அகலம் 9 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மங்கல் வட்டம் வெறும் 0.008 மில்லிமீட்டர். 36 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டாலும் அது 0.3 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும். கைப்பேசிப் படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவாக வருவதற்குக் காரணம் இதுவே.

உங்களில் கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணிபவர்களுக்கு மங்கல் வட்டத்தைப் பார்க்கக் கேமராகூட வேண்டாம். இரவில் சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொலைவில் உள்ள தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கு ஒரு வட்டமாக விரியும். இப்போது ஒரு தாளில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே பாருங்கள். வட்டம் சுருங்கிவிடும். துளை சிறுத்தால் மங்கலும் சிறுக்கும்.

இப்படிப் பின்னணி மங்கும் விதத்துக்குப் புகைப்படக் கலைஞர்கள் பொக்கே என்று பெயர் சொல்வார்கள். இது பூச்செண்டு அல்ல! மங்கல் என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் அதைத் தவறாக உச்சரிக்கக் கூடாது என்பதற்காக 1997ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் புகைப்பட இதழ் அச்சொல்லின் கடைசியில் எச் என்ற எழுத்தைச் சேர்த்தது. இன்று உலகமே அப்படித்தான் எழுதுகிறது.

பீரங்கி வீரர்கள் போட்ட கணக்கு

இனி 1839ஆம் ஆண்டுக்குப் போவோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகேர் என்பவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளிப்படம் எடுக்கும் முறையை அவ்வாண்டு உலகுக்கு அறிவித்தார். எல்லாரும் வியந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது கேமராவில் பொருத்திய வில்லையின் துளை ஏறக்குறைய எஃப்/15. மிகக் குறைந்த ஒளியே உள்ளே போகும். அதனால் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்தது. கட்டடங்களைப் படம் எடுக்கலாம், அவை அசையாது. மனிதர் அத்தனை நேரம் கண் இமைக்காமல் இருக்க முடியுமா?

வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். அவர் 1807ஆம் ஆண்டில், இன்று சுலோவாக்கியாவில் உள்ள ஸ்பிஷ்ஸ்கா பேலா என்னும் சிற்றூரில் பிறந்தவர். அதுவரை வில்லை செய்பவர்கள் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, மாற்றிப் பார்த்து, அனுபவத்தால் செய்தார்கள். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் கணக்கைப் போட்டார். ஒவ்வொரு பரப்பிலும் ஒளிக்கதிர் எந்தக் கோணத்தில் திரும்பும் என்று தாளில் கணக்கிட்டார். அது பெரும் வேலை. கணினி இல்லாத காலம். ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்கில் தேர்ந்த வீரர்கள் சிலர் அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டுப் பழகியவர்கள், ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள்.

1840ஆம் ஆண்டில் வில்லை தயாரானது. நான்கு கண்ணாடித் துண்டுகள்: முன்னால் ஒட்டிய இரண்டு, பின்னால் சிறு இடைவெளிவிட்ட இரண்டு. அதன் துளை எஃப்/3.6. இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் தெரியுமா? 15ஐ 3.6ஆல் வகுத்தால் 4.17. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 4.17 × 4.17, அதாவது ஏறத்தாழ 17 மடங்கு ஒளி உள்ளே வரும். 17 நிமிடம் ஆடாமல் உட்கார வேண்டிய இடத்தில் இப்போது ஒரு நிமிடம் போதும். வியன்னாவின் ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் இந்த வில்லையைச் செய்து விற்றது. சாதாரண மக்கள் தங்கள் முகத்தைப் படமாகப் பார்க்கும் காலம் அதன் பிறகே விரைவாக வந்தது.

பெட்ஸ்வாலுக்குக் கிடைத்த பலனோ சிறிது. நிறுவனம் அவருக்கு ஒரே முறை ஒரு தொகை கொடுத்தது. வில்லை நாடு நாடாகப் பரவியது. பலர் அதைப் பார்த்துச் செய்து விற்றார்கள். பேராசிரியருக்கும் நிறுவனத்துக்கும் பெரும் சச்சரவு வந்தது. 1859ஆம் ஆண்டில் அவர் வீட்டில் திருட்டு நடந்து, ஒளியியல் பற்றிய கையெழுத்துப் படிகளும் போயின. 1891ஆம் ஆண்டில் அவர் இறந்தார். ஒளியியல் படிக்கும் மாணவர்கள் பெட்ஸ்வால் என்ற பெயரை இன்றும் சந்திக்கிறார்கள்; நிலவின் பள்ளம் ஒன்றுக்கும் அவர் பெயர் இருக்கிறது.

சுழல் எங்கிருந்து வந்தது?

அகலத் துளை வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். வில்லை வடிவமைப்பில் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காது. பெட்ஸ்வாலின் வில்லை படத்தின் நடுப்பகுதியை மிகக் கூர்மையாகக் காட்டும், ஓரத்தைக் கைவிட்டுவிடும். முகப்படத்தில் முகம் நடுவில்தானே இருக்கும்? 1841ஆம் ஆண்டில் ஃபோய்க்ட்லெண்டர் செய்த உலோகக் கேமராவில் படமே வட்டமாகத்தான் விழும். மோசமான மூலைகளைக் காட்டவே தேவையில்லை.

ஓரம் ஏன் மங்கியது? இரண்டு காரணங்களை நீங்கள் வீட்டிலேயே கண்டறியலாம்.

முதல் சோதனைக்கு ஓர் உருப்பெருக்கியும் வெள்ளைத் தாளும் போதும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகில் நில்லுங்கள். சூரியன் நேராகத் தெரியும் சன்னல் வேண்டாம். உருப்பெருக்கியைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் சன்னலின் தலைகீழ்ப் பிம்பம் தாளில் விழும். நடுப்பகுதி தெளிவாகும் வரை நகர்த்துங்கள். ஓரங்கள் மங்கலாக இருப்பதைக் காண்பீர்கள். இப்போது தாளை வில்லையை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். ஓரம் சற்றுத் தெளியும், நடு மங்கிப்போகும். பிம்பம் உண்மையில் தட்டையான தாளில் விழ விரும்பவில்லை. கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்த பரப்பில் விழுகிறது. இதற்குப் புல வளைவு என்று பெயர். அந்த வளைந்த பரப்பைத்தான் ஒளியியலில் பெட்ஸ்வால் பரப்பு என்கிறார்கள்.

இரண்டாவது சோதனைக்கு டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் வேண்டும். கையை நீட்டி, குழாய் வழியே வெளிச்சமான சுவரைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் முழு வட்டம் தெரியும். குழாயைக் கொஞ்சம் சாய்த்தால் முன்வாயும் பின்வாயும் ஒன்றையொன்று மறைக்கும். வெளிச்சம் தெரியும் இடம் எலுமிச்சைப் பழம் போல, பூனையின் கண் போலக் குறுகிவிடும். வில்லையும் ஒரு குழாய்க்குள்தான் இருக்கிறது. படத்தின் நடுவில் விழும் ஒளி நேராக வருகிறது. அதன் மங்கல் வட்டம் முழுமையாக இருக்கும். ஓரத்தில் விழும் ஒளி சாய்ந்து வருகிறது. அதன் மங்கல் வட்டம் எலுமிச்சை வடிவம் பெறும்.

இனி அந்த எலுமிச்சைகள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றின் நீண்ட பக்கமும் நடுப்புள்ளியைச் சுற்றிவரும் வட்டத்தின் போக்கிலேயே அமையும். கும்மியடிப்பவர்கள் கைகோத்து வட்டமாக நிற்பது போல. பின்னணியில் இலைகளின் இடையே ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகள் இருந்தால், ஆயிரம் எலுமிச்சைகளும் நடுவைச் சுற்றி வரிசை கட்டும். நம் கண் அதைச் சுழற்சியாகப் படிக்கிறது. உண்மையில் எதுவும் சுழலவில்லை. புல வளைவும் வேறு சில பிறழ்ச்சிகளும் சேர்ந்து ஓரத்தில் இந்த விளைவை இன்னும் அழுத்தமாக்குகின்றன.

குறையா, தெரிவா?

இந்த மங்கலைக் குறை என்று எல்லாரும் நினைத்த காலத்திலேயே ஒருவர் அதை விரும்பி வைத்துக்கொண்டார். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 48ஆம் வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவால் படம் எடுக்கத் தொடங்கினார். அதில் இருந்தது பெட்ஸ்வால் வகை வில்லை. அவர் எடுத்த முகங்கள் மென்மையாக, ஓரங்கள் கரைந்து தோன்றின. புகைப்படச் சங்கத்தார் பலர், குவியம் பிடிக்கத் தெரியாதவர் என்று குறை சொன்னார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வானியலாளர் ஜான் ஹெர்ஷலை அவர் 1867ஆம் ஆண்டில் எடுத்த படம் இன்று புகைப்பட வரலாற்றில் புகழ் பெற்றது. 1875ஆம் ஆண்டில் கேமரன் குடும்பத்துடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறை மக்களை அவர் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. 1879ஆம் ஆண்டில் இலங்கையிலேயே காலமானார்.

ஆனால் வில்லை செய்பவர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்கும் நியாயம் இருந்தது. நிலப்படம், கட்டடம், அச்சுப்பணி, வானியல் எதுவாக இருந்தாலும் மூலைவரை தெளிவு வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் புதுவகைக் கண்ணாடிகள் உருவாயின. அவற்றைக் கொண்டு 1890ஆம் ஆண்டில் சைஸ் நிறுவனத்தின் பால் ருடோல்ஃப் ஓரத்தையும் திருத்திய வில்லையை வடிவமைத்தார். இங்கிலாந்தின் யார்க் நகரில் டென்னிஸ் டெய்லர் 1893ஆம் ஆண்டில் மூன்றே கண்ணாடிகளில் நல்ல வில்லையைச் செய்து காட்டினார். பின்னர் கணினி வந்தது. பீரங்கி வீரர்கள் மாதக்கணக்கில் போட்ட கணக்கை அது நொடியில் போட்டது. பெட்ஸ்வால் வில்லை முகப்படக் கூடங்களை விட்டு விலகி, சினிமாத் திரையிடும் கருவிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மீண்டும் பித்தளைக் குழாய்

2013ஆம் ஆண்டில் லோமோகிராஃபி என்னும் நிறுவனம் ஒரு கேள்வியை இணையத்தில் வைத்தது. பெட்ஸ்வால் வில்லையை இன்றைய கேமராக்களில் பொருத்தும்படி மீண்டும் செய்தால் வாங்குவீர்களா? கூட்டு நிதித் தளத்தில் அவர்கள் கேட்டது 100,000 அமெரிக்க டாலர். வந்து சேர்ந்ததோ 1.3 மில்லியன் டாலருக்கும் மேல்! ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் நகரில் உள்ள செனிட் தொழிற்சாலையின் துணையுடன் வில்லை செய்யப்பட்டது. நாம் மேலே கணக்குப் போட்ட 85 மில்லிமீட்டர், எஃப்/2.2 வில்லை இதுதான்.

உருவம் பழையதைப் போலவே பித்தளைக் குழாய். துளையை மாற்றும் விதமும் பழையதுதான். இன்றைய வில்லைக்குள் மடல்கள் விரிந்து சுருங்கித் துளையை மாற்றும். இதிலோ வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளைக் குழாயின் பிளவில் கையால் செருக வேண்டும். ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் 1858ஆம் ஆண்டில் கண்டுபிடித்த முறை இது. நட்சத்திர வடிவத் துளையுள்ள தகட்டைச் செருகினால் பின்னணி விளக்குகள் அனைத்தும் நட்சத்திரமாகும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: மங்கல் வட்டம் என்பது துளையின் நிழலுரு. துளை எந்த வடிவமோ மங்கலும் அந்த வடிவம்.

2015ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 58 மில்லிமீட்டர் வில்லை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சுழலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் தனி வளையம் இருந்தது. இதைக் கவனியுங்கள். 1840ஆம் ஆண்டில் தவிர்க்க முடியாமல் வந்து சேர்ந்த ஒன்றை, இப்போது வேண்டிய அளவு திருகி எடுத்துக்கொள்ளலாம்.

சோப்புக் குமிழி வில்லைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. டெய்லரின் மூன்று கண்ணாடி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது, ஜெர்மனியின் கெர்லிட்ஸ் நகரில் மேயர் நிறுவனம் செய்த டிரையோபிளான். வில்லையின் நடு வழியாகச் செல்லும் ஒளியும் ஓரம் வழியாகச் செல்லும் ஒளியும் ஒரே இடத்தில் சேராவிட்டால் அதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். இதைத் திருத்தும்போது வடிவமைப்பாளர் அளவுக்குச் சற்று மேலே திருத்திவிட்டால், பின்னணி வட்டத்தின் ஒளி நடுவில் குறைந்து ஓரத்தில் குவியும். அதுவே குமிழி. பொருளுக்கு முன்னால் மங்கும் வட்டங்களில் இது தலைகீழாகி, நடு வெளிச்சமாகவும் ஓரம் மென்மையாகவும் இருக்கும்.

டிரையோபிளானும் 2015ஆம் ஆண்டில் கூட்டு நிதி மூலம் உயிர் பெற்றது. அதன் பெயரில் பழைய வில்லைகள் பலவற்றை மீண்டும் செய்வதாக அறிவித்த நிறுவனம் 2018ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. முன்பணம் கட்டிய பலருக்கு வில்லையும் வரவில்லை, பணமும் வரவில்லை. பிறகு வேறொரு ஜெர்மானிய நிறுவனம் அந்தப் பெயரை வாங்கி உற்பத்தியைத் தொடர்ந்தது. கூட்டு நிதியில் பணம் போடுவது கடையில் பொருள் வாங்குவது போன்றதல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

கைப்பேசி செய்யும் வேலை

என் கைப்பேசியிலும் பின்னணி மங்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டில் ஐபோன் 7 பிளஸ் முகப்பட முறையைக் கொண்டுவந்த பிறகு இது பரவலாகிவிட்டது. ஆனால் அந்த மங்கல் வில்லையில் பிறந்ததல்ல. அருகருகே உள்ள இரண்டு கேமராக்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எது அருகில், எது தொலைவில் என்று கைப்பேசி கணிக்கிறது. ஒரே கேமரா உள்ள கைப்பேசிகள் வேறு வழிகளில் கணிக்கின்றன. பிறகு தொலைவில் உள்ள பகுதியை மட்டும் மென்பொருள் மங்கலாக்குகிறது.

அந்தக் கணிப்பு எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. தலையிலிருந்து பிரிந்து நிற்கும் முடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, கையிடுக்கின் வழியே தெரியும் பின்னணி ஆகிய மூன்று இடங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். முடி திடீரென வெட்டுப்பட்டிருக்கும். அல்லது கையிடுக்கில் பின்னணி மங்காமல் தெளிவாக நிற்கும். உண்மையான வில்லை இந்தத் தவற்றைச் செய்யாது. ஏனென்றால் அது எதையும் கணிப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளியை, அந்தப் புள்ளியின் தொலைவுக்கு ஏற்பத் திருப்புகிறது, அவ்வளவுதான். கைப்பேசியின் திறமையும் சிறியதல்ல. நான்கு கண்ணாடிகளின் நடத்தையை அது கணக்கால் போலச் செய்கிறது. பெட்ஸ்வால் கண்ணாடியைத் தேய்க்க கணக்குப் போட்டார். இன்று கண்ணாடியே இல்லாமல் கணக்கு மட்டும் வேலை செய்கிறது.

தாத்தாவின் கேமரா வீட்டில் இருக்கிறதா?

சிலர் வீட்டு அலமாரியில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அதன் வில்லையை எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். நல்ல நிலையில் இருந்தால் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். பல பழைய வில்லைகளை, பொருத்தமான இணைப்பு வளையம் ஒன்றை வாங்கினால், இன்றைய கேமராவிலும் பயன்படுத்தலாம். குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். எந்தச் சூழலிலும் வில்லை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள்.

கேமரா இல்லாதவர்கள் உருப்பெருக்கியையே பயன்படுத்தலாம். கறுப்பு அட்டையில் நட்சத்திர வடிவில் துளை வெட்டி உருப்பெருக்கியின் மேல் ஒட்டுங்கள். இருட்டறையில் சில மீட்டர் தொலைவில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டு, அதன் பிம்பத்தைத் தாளில் விழச் செய்யுங்கள். தெளிவாக இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது. விளக்கின் உருவமே தெரியும். தாளை முன்னும் பின்னும் நகர்த்தி மங்கலாக்குங்கள். அப்போது நட்சத்திரம் தோன்றும். தாள் குவியத்தைக் கடக்கும்போது அந்த நட்சத்திரம் நிமிர்ந்தும் தலைகீழாகவும் மாறுகிறதா என்று கவனித்து, ஏன் என்று கதிர்ப்படம் வரைந்து விளக்குங்கள்.

நிறைவாக ஒன்று சொல்ல வேண்டும். குறை இருந்தாலே கலையாகிவிடும் என்று இதற்குப் பொருளல்ல. மருத்துவரின் நுண்ணோக்கியில் பின்னணி சுழன்றால் நோயாளிக்குத்தான் ஆபத்து. கைநழுவி விழுந்து கோணலான வில்லையும் மங்கலாகத்தான் காட்டும்; அதை யாரும் வாங்கமாட்டார்கள். பழைய வில்லைகள் மீண்டு வந்ததற்குக் காரணம், அவற்றின் குறை எங்கே பிறக்கிறது என்று நமக்கு இப்போது தெரியும் என்பதே. தெரிந்த பிறகு அதை நீக்கவும் முடியும், வைத்துக்கொள்ளவும் முடியும், வளையம் வைத்துக் கூட்டிக் குறைக்கவும் முடியும். பெட்ஸ்வாலுக்கு அந்தத் தெரிவு இல்லை; நமக்கு இருக்கிறது.

அட்டைக் குழாயை இன்றே தேடி எடுங்கள். எலுமிச்சை வடிவத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், பின்னணி சுழலும் எந்தப் படத்தைக் கண்டாலும் அதன் காரணம் உங்களுக்கு நினைவுக்கு வரும்.